ஐந்தாம் நாளின் ஆசீர்வாதம்



தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு ஞாயிறுகளே இருக்கின்றன. ஏப்ரல் 15-ந் தேதி கட்டிப்போட்ட விசைப்படகுகளுக்கு இப்போது வர்ணம் பூசுகிறார்கள். இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். பல வீட்டுத் திண்ணைகளில் மடி தைக்கிற வேலை நடக்கிறது. ஜூன் 14-ந் தேதியோடு 61 நாளும் முடிந்துவிடும். இந்த நாட்களில் வட்டிக்கு வாங்கி உலை வைத்த வீடுகள் நம் விசாரணையில் எத்தனையென்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளின் நினைவாகவே இந்த வாரம் கடலைப்பற்றி உங்களோடு பேச மனதாயிற்று.

கடலைப்பற்றி நமக்குச் சொல்ல ஒரு குருவானவருக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயந்தான். உங்களுக்குத் தெரிந்ததில் நூற்றிலொரு பங்கும் எனக்குத் தெரியாது. ஆனால் வேதாகமத்தில் ஒரு காரியம் நம்மில் அநேகருடைய கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. அதைச் சொல்வது என் கடமை.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து மெதுவாய் வாசித்துப் பாருங்கள். சர்வேசுரன் ஒளியை உண்டாக்கினார். நிலத்தையும் நீரையும் பிரித்தார். பூண்டுகளையும் மரங்களையும் முளைப்பித்தார். சூரியனையும் சந்திரனையும் ஏற்படுத்தினார். தாம் செய்தவைகளை நல்லவை என்று கண்டுகொண்டே வருகிறார். ஆனால் நாலு நாள் கழியுமட்டும் ஒன்றையாகிலும் ஆசீர்வதித்ததாக எழுதியிருக்கவில்லை. ஐந்தாம் நாளிலே, ஜலத்தில் நீந்துகிற பிராணிகளையும் ஆகாயத்துப் பறவைகளையும் சிருஷ்டித்தபோதுதான் முதன்முதலாய் ஆசீர்வாதம் கொடுக்கிறார். அவை பெருகிக் கடலை நிரப்பவேண்டும் என்பது அந்த ஆசீர்வாதம். மனிதனுக்குரிய ஆசீர்வாதமோ ஆறாம் நாளில்தான் வருகிறது. நமக்கு முன்பே மீனுக்குக் கிடைத்துவிட்டது!

அதுமட்டுமல்ல. ஆதாம் பாவத்தில் விழுந்தபோது அவன் நிமித்தம் பூமி சபிக்கப்பட்டதென்று வாசிக்கிறோம். கடல் சபிக்கப்பட்டதாக அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. இதை ஆதாரமாக வைத்துப் பெரிய போதனை ஒன்று கட்ட நான் துணியவில்லை, வேதசாஸ்திரிகள் சிரிப்பார்கள். ஆனாலும் உழுகிறவன் முள்ளையும் குருக்கையும் பிடுங்கி, விதைத்து, காத்திருந்து அறுக்கிறான். கடலுக்குப் போகிறவனோ விதைக்காமலே அறுக்கிறான் என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஐந்தாம் நாள் எனக்கு ஞாபகம் வருகிறது.

அப்படியிருக்க, அந்த ஆசீர்வாதம் எவ்விடத்தில் பலிக்கிறது? ஆழ்கடலில்தான் பெரிய மீன் கிடைக்கிறது. ஆகையால் மீன் விளைகிற இடமும் அதுவே என்று கரையிலிருக்கிற நாங்கள் நினைத்துக்கொள்ளுகிறோம். நீங்கள் அப்படி நினைக்கமாட்டீர்கள். இராமேசுவரம் தொடங்கி நம் தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாய் அமைந்தவை. அவற்றில் இரண்டு இப்போது ஜலத்துக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களும், பார்களுக்கும் கரைக்கும் நடுவில் ஆழங்குறைந்த இடங்களில் விரிந்திருக்கிற கடற்புல்லுமே நம்முடைய கடலுக்குத் தொட்டில்.

பார் என்று நீங்கள் சொல்லுவது வெறுங்கல் அல்ல. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள பவளப்பூச்சிகள் கோடிக்கணக்காய்க் கூடி, தலைமுறை தலைமுறையாய்ச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டின வீடு அது. இந்த வளைகுடாவில் மாத்திரம் 117 வகைப் பவளங்களைச் சாஸ்திரிகள் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சியின் உடலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, சூரிய வெளிச்சத்தைக்கொண்டு ஆகாரம் சமைத்து, தனக்கு இடங்கொடுத்த பூச்சிக்கும் பங்கு கொடுக்கிறது. வீட்டுக்காரனும் குடியிருப்பவனும் இவ்வளவு சமாதானமாய் வாழ்வதை நான் இந்த ஊரில் எந்தத் தெருவிலும் கண்டதில்லை. அந்தப் பவள வீட்டின் சந்துபொந்துகளில் களவாய் ஒளிகிறது, கிளிமீன் மேய்கிறது, சிங்கிறால் பதுங்குகிறது.

கடற்புல்லின் காரியம் இன்னும் ஆச்சரியம். அதைப் பாசி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பாசிக்கு மெய்யான வேருமில்லை, பூவுமில்லை. கடற்புல்லுக்கு வேருண்டு, பூவுண்டு, விதையுமுண்டு. தண்ணீருக்குள்ளேயே பூக்கிறது, தண்ணீரே மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகிறது. வெளிச்சம் அடிமட்டும் எட்டவேண்டியிருப்பதால் ஆழங்குறைந்த இடத்தில் மாத்திரம் வளரும். இதிலே இங்கே 13 வகை இருக்கின்றன. கடலில் தாய் இறால் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்துவந்து, சில வகை இந்தப் புல்லுக்குள்ளும், சில வகை கழிமுகங்களிலும் ஒதுங்குகின்றன. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் விழுகிற இடத்திலே அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே குஞ்சுகள் துள்ளுகிறதை நம் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். அவ்விடத்தில் தின்று, ஒளிந்து, வளர்ந்து, பிறகுதான் அவை ஆழத்துக்குத் திரும்பிப் போகின்றன. ஓராவும் நண்டும் இளமையில் வளருகிறது இந்தப் புல்லுக்குள்ளேதான்.

இந்தப் புல்லையே மேய்ந்து வாழ்கிற ஒரு பிராணி உண்டு. ஆவுளியா என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள்; புத்தகத்தில் கடற்பசு என்று எழுதுகிறார்கள். அது மீனல்ல, மூச்சுக்கு மேலே வருகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஏறக்குறைய 13 மாதம் சுமந்து ஒரே குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில வருஷங்கள் செல்லும். முற்காலத்தில் அதன் இறைச்சிக்காகப் பிடித்துத் தின்றது வாஸ்தவம். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின்படி அது பெருங்குற்றம். 2022-ல் நம் அரசாங்கம் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் இடத்தை ஆவுளியாவுக்கென்றே ஒதுக்கியது. பாக் நீரிணையில் வலையில் சிக்கின ஆவுளியாவை, வலையை அறுத்துத் திரும்பவும் கடலில் விட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். அறுந்த வலையின் விலை இன்னதென்று உங்களுக்குத் தெரியும். அது தர்மமல்லவென்று யார் சொல்லக்கூடும்?

நம் விசாரணைப் பெரியவர் ஒருவர், எண்பது தாண்டினவர், போன மாதம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் பாரைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லை. கோயில் கோபுரத்தையும் இன்ன பனைக்கூட்டத்தையும் ஒரே நேரில் வைத்துப் பார்த்துக்கொண்டு போவார்களாம். இரண்டும் ஒன்றுக்குப்பின் ஒன்று மறைகிற இடத்தில் தூண்டிலைப் போட்டால் விளமீன் ஏறும். "கோபுரம் அங்கேயேதான் நிற்கிறது, சுவாமி. பார்தான் இல்லை," என்றார். அவர் அழவில்லை, என்னால்தான் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

பார் எங்கே போயிற்று? மறைக்காமல் சொல்லவேண்டுமானால், நாமே அதை வெட்டித் தின்றோம். பல வருஷங்களாய்த் தீவுகளைச் சுற்றிப் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளங்களில் ஏற்றிவந்து, சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் விற்றார்கள். அந்த வேலைக்குப் போனவர்கள் ஏழைகள். இலாபம் போனது வேறு இடத்துக்கு. 1986-ல் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பின்னும் வெட்டுவது நிற்கவில்லை. 2001-ல் பவளத்துக்கும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்தது. 2005-ம் வருஷமளவில்தான் அந்த வேலை அறவே ஒழிந்தது. அதற்குள்ளே வான் தீவைச் சுற்றியிருந்த வேலி போய்விட்டது. பவளம் தடுத்துக்கொண்டிருந்த அலை நேராய்த் தீவின்மேல் மோதி, வருஷாவருஷம் மண்ணைக் கரைத்துத் தீவையே மெலியச் செய்தது.

இப்போது பவளத்துக்கு வேறொரு வியாதியும் வந்திருக்கிறது. கோடையில் கடல் அளவுக்குமேல் சூடேறினால், பூச்சிக்குள் குடியிருக்கிற பாசி வெளியேறிப்போகிறது. பவளம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சூடு தணியாவிட்டால் சாகிறது. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் இந்த வளைகுடாவில் அப்படி ஏராளமாய் வெளுத்தது. இந்தச் சூட்டுக்கு நாட்டுப்படகுக்காரனைக் குற்றஞ்சொல்ல முடியாது. உலகமெங்கும் எரிக்கிற கரியும் எண்ணெயும் அதற்குக் காரணம். ஆனாலும் காய்ச்சலாய்க் கிடக்கிறவனை யாராவது அடிப்பார்களா?

அடிக்கிறோம். இழுவைமடி எப்படி வேலை செய்கிறதென்று உங்களுக்கு நான் விவரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனால் இந்தப் பத்திரிகையைக் கரையிலுள்ள தாய்மார்களும் வாசிக்கிறபடியால் சொல்லுகிறேன். பலகைகள் வாயை விரித்துப் பிடிக்க, சங்கிலி கட்டின அடிக்கயிறு கடலின் தரையைத் தேய்த்துக்கொண்டு போகிறது. ஆழத்துச் சேற்றில் அது ஒருவிதம். ஆழங்குறைந்த இடத்தில் புல்லின்மேல் போனால், வயலில் அறுவடைக்குப் பதிலாய் நாற்றங்காலை உழுதுபோட்டதற்குச் சமம். 1983-ம் வருஷத்துச் சட்டம் கரையையடுத்த கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்கிறது. இரட்டைமடிக்கு எங்குமே அனுமதியில்லை. இந்தச் சட்டங்கள் எவ்வளவு கைக்கொள்ளப்படுகின்றனவென்று நான் எழுதவேண்டுமா?

மடி மேலே வந்தபின் தட்டில் கொட்டுகிறீர்களே, அதில் சங்காயம் என்று தனியே ஒதுக்குகிற குவியலை ஒருநாள் நின்று பார்த்தேன். விரல்நீளம் விளமீன், காசளவு நண்டு, இன்னதென்று அடையாளம் தெரியாத குஞ்சுகள். தீவனத்துக்கு அரைக்க எடைபோட்டு விற்கிறார்கள். சேசுநாதர் மோட்ச இராச்சியத்தைக் கடலில் போட்ட வலைக்கு ஒப்பிட்டார்; கரையில் உட்கார்ந்து நல்லதைக் கூடையில் சேர்த்து ஆகாததை எறிகிறதைச் சொன்னார். அங்கே எறியப்படுகிறது ஆகாதது. இங்கே நாம் எறிகிறது இன்னும் ஆகாததல்ல, இன்னும் ஆகாமலிருப்பது. இரண்டு வருஷம் விட்டிருந்தால் ஒரு வீட்டுக்குக் குழம்பாயிருக்கும்.

சர்வேசுரன் மோயீசன் வழியாய்க் கொடுத்த கற்பனைகளில் சின்னஞ்சிறு கற்பனை ஒன்று உபாகமம் 22-ம் அதிகாரத்தில் இருக்கிறது. வழியில் ஒரு குருவிக்கூட்டைக் கண்டால், குஞ்சையோ முட்டையையோ எடுத்துக்கொள்ளலாம். தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது, அதைப் போகவிடவேண்டும். அப்படிச் செய்கிறவனுக்கு நன்மையும் நீண்ட ஆயுளும் வாக்களிக்கப்படுகின்றன. தாய் தகப்பனைச் சங்கிக்கிறவனுக்குக் கொடுத்த அதே வாக்குத்தத்தம் குருவியைப் போகவிடுகிறவனுக்கும்! நம் வீட்டுச் சமையற்கட்டில் இந்தக் கற்பனையை நினைக்கிறோமா? சந்தையில் சினைநண்டு என்றால் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிற தாய்மார்களே, அந்த நண்டு வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பல இலட்சம் முட்டை. வாங்குகிறவள் இருக்கிறவரைக்கும் பிடிக்கிறவன் இருப்பான். ஆகையால் கடலுக்குப் போகிறவர்களை மாத்திரம் குறிவைத்து நான் பேசுகிறதாக எண்ணவேண்டாம்.

இது பாவமா சுவாமி, என்று சிலர் கேட்கிறார்கள். 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல், சிருஷ்டிகளைக் கெடுக்காமல் காப்பாற்றும் கடமையை எந்தக் கற்பனையின்கீழ் வைத்திருக்கிறதென்று பாருங்கள். ஏழாம் கற்பனையின்கீழ், அதாவது களவின்கீழ். வருகிற தலைமுறைக்கும் அதில் பங்குண்டென்று அந்நூல் போதிக்கிறது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதின நிருபத்தில் பவளப்பாறைகளின் சாவைக் குறித்தே துக்கத்தோடு பேசியிருக்கிறார். களவென்றால் யாருடையதைக் களவாடினோம்? இதை நான் மேடையில் நின்று கேட்டபோது முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

களவென்றால் பாவசங்கீர்த்தனம் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சின்னக் குறிப்பிடத்திலேயே படித்திருக்கிறோம். கடலுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? வான் தீவைப் பாருங்கள். சுமார் பத்து வருஷத்துக்கு முன் அதன் பக்கத்தில் சிமெண்டால் செய்த கூடுகளை இறக்கினார்கள். அவற்றில் அலை உடைகிறது. கரை கரைவது குறைந்தது. கூடுகளில் மீன் குடியேறியிருக்கிறது. நம் ஊரிலேயே இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளக் கிளைகளையும் கடற்புல்லையும் எடுத்து, அழிந்த இடங்களில் நட்டுவருகிறார்கள். கடப்பாரை பெயர்த்த இடத்தில் ஒரு கை திரும்ப நடுகிறதை நினைக்கும்போது, பாவத்துக்குப் பரிகாரம் என்ற சொல்லுக்கு எனக்கே புது அர்த்தம் தெரிந்தது. ஆனால் சிமெண்டுக் கூடு விலையேறினது. உங்களால் கூடிய பரிகாரமோ விலையில்லாதது: தொட்டிலின்மேல் மடியை இழுக்காதிருப்பது, சினைநண்டைத் தண்ணீரில் விடுவது.

கடனைப்பற்றி நான் அறியாதவனல்ல. படகுமேல் கடன், டீசல் கடன், ஐஸ் கடன். வெறுங்கையோடு வந்தால் தரகர் முகத்தில் விழிக்க முடியாது. நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான். இந்தக் கடைசி வாக்கியத்தை மாத்திரம் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உலகத்தில் எல்லாப் பாவத்துக்கும் அதுவே சாக்கு. மற்றவை மெய்யான பாரங்கள். அவைகளைப்பற்றிப் படகுச் சங்கத்தாரோடு உட்கார்ந்து பேச நான் ஆயத்தமாயிருக்கிறேன்.

விசைப்படகு வீட்டாரும் நாட்டுப்படகு வீட்டாரும் இந்தக் கோயிலில் ஒரே நற்கருணையை வாங்குகிறீர்கள். வெளியே போனபின், அறுந்த வலைக்காக ஒருவர் தெருவில் ஒருவர் நடக்கக்கூடாதென்று சொல்லுகிற அளவுக்குப் பகை வந்திருக்கிறது. கெனேசரேத்து ஏரியில் இராயப்பருடைய வலை கிழியத்தக்கதாய் மீன் அகப்பட்டபோது அவர் என்ன செய்தார்? அடுத்த படகிலிருந்த பங்காளிகளுக்குச் சைகை காட்டினார். இரண்டு படகும் நிரம்பின. இராமநாதபுரம் பக்கத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்படுத்தியிருந்தது உங்களுக்குத் தெரிந்ததே. அங்கேயும் சச்சரவு ஓயவில்லை. ஆனாலும் பகிர்ந்துகொள்ள முடியாததென்று கடலில் ஒன்றுமில்லை என்பதற்கு அது அத்தாட்சி. பாம்பன் பக்கத்தில் பாசியெடுக்கிற ஏழை ஸ்திரீகள், பாசி வளர அவகாசம் வேண்டுமென்று மாதத்தில் சில நாட்கள் மாத்திரமே கடலில் இறங்குவதாய்த் தாங்களே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்களுக்கும் கடன் உண்டு.

1542-ல் அர்ச். சவேரியார் வந்திறங்கினபோது இதற்கு முத்துக்குளித்துறை என்று பெயர். முத்துப்பார்களில் போதுமான சிப்பி விளையாததால், 1961-க்குப்பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. பெயர் மாத்திரம் மிஞ்சியது. மீன்துறை என்ற பெயரும் அப்படி மிஞ்சிப்போக நான் விரும்பவில்லை.

உயிர்த்த சேசுநாதர் கரையில் நின்று சொல்ல, சீஷர்கள் வலை வீசிப் பிடித்தது 153 மீன். அந்த எண்ணுக்கு அர்ச். அகுஸ்தீன் முதல் எத்தனையோ பேர் வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுகிறது வேறு. அவை பெரிய மீன்கள் என்று அருளப்பர் குறித்துவைத்திருக்கிறார். அவரும் வலைக்காரர், பார்த்ததை எழுதினார். குஞ்சு ஒன்றும் அதில் இல்லை.

இனி அறிவிப்பு. ஜூன் 14-ந் தேதி மாலை 5 மணிக்குக் கடற்கரைக் குருசடியில் திவ்விய பூசை நடக்கும். அதன்பின் வழக்கம்போல் படகுகளும் வலைகளும் மந்திரிக்கப்படும். இந்த வருஷம் ஒரு மாற்றம். இரட்டைமடியையும் சிறுகண்ணி மடியையும் நான் மந்திரிக்கமாட்டேன். ஐந்தாம் நாளில் சர்வேசுரன் கொடுத்த ஆசீர்வாதத்தை அழிக்கிற ஒன்றின்மேல் அவர் பெயரால் தீர்த்தம் தெளிக்க என் கை வராது. வைத்திருக்கிறவர்கள் கோபிக்கவேண்டாம், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் படகையும் மனமார மந்திரிப்பேன். அந்த மடியை மாத்திரம் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முந்தின நாள் மாலை 4 மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். நேரமாகிறதே என்று யாரும் திரும்பிப் போகவேண்டாம், கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பேன்.

உங்கள் விசாரணைக் குரு